டென்னிசன் சாரும் பத்தொன்பதாம் நாள் வைனும்

நேமம்,
ஞாயிறு மத்தியானம்.

பெருமதிப்புக்குரிய ராஜையன் அத்தான் அவர்களுக்கு,

நேமத்திலிருந்து தங்கையன் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் தாசம்மாளும் மகள் சுமியும் சரீர சுகத்தோடு இருக்கிறோம். மன சுகத்தைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், உட்கார்ந்துகொண்டு வாசிக்கவும். தாங்களும் என் அக்கா சுசீலாபாயும் அங்கே நலமாயிருக்க ஜெபிக்கிறோம். போனில் சொல்லலாமே, எதற்கு இந்தக் காலத்தில் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் அக்கா ஸ்பீக்கரில் போடுவாள், மார்த்தாண்டம் சந்தை முழுக்கக் கேட்கும். ஆகவே சாயங்கால நாகர்கோவில் பஸ்ஸில் போகிற கண்டக்டர் அனில் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பையன் நம்பிக்கையானவன், பிரித்து வாசித்தாலும் அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது.

அத்தான், சுமிக்குத் தாங்கள் கொண்டுவந்த நெய்யாற்றின்கரை சம்பந்தத்தை நான் கெடுத்துவிட்டேன். வேறு யாரும் உதவி செய்யவில்லை, தனியாகவே கெடுத்தேன். மாப்பிள்ளைப் பையன் பிரபினின் அப்பா டென்னிசன் சார் போன மே மாதம்தான் சாராயம் பிடிக்கிற எக்சைஸில் இருந்து ரிட்டயர் ஆனவர் என்றும், குடிக்கிற வீட்டில் பெண் எடுக்கமாட்டார் என்றும் தாங்கள் முதலிலேயே சொன்னீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எங்க மச்சினன் ஒரு துளி தொடமாட்டான்" என்று அவரிடம் சர்டிபிகேட்டும் கொடுத்துவிட்டீர்கள். நல்ல எண்ணத்தில் கொடுத்ததுதான், குறை சொல்லவில்லை. ஒரு துளி தொடமாட்டேன் என்பதும் சத்தியம்தான். ஒரு துளியை யார் தொடுவார்கள்?

என் ருசி தங்களுக்குத் தெரியாததா. வித்துராவில் இருந்துகொண்டு பொன்முடி மலை பஸ்ஸில் பதினோரு வருஷம் டிக்கெட் கிழித்தவன் நான். அந்தக் குளிரில், டியூட்டி இறங்கிய பிறகு, கறுப்பு ரம்மில் வெந்நீர் விட்டு இரண்டு நல்லமிளகை நசுக்கிப் போட்டுக் குடித்தால் எலும்புக்குள் அடுப்பு மூட்டியது மாதிரி இருக்கும். பீர் எனக்கு ஒத்துவராது, வயிறு நிறையும், மனசு நிறையாது. விஸ்கி அலமாரிக்கு அடிக்கிற பாலிஷ். பிராந்தியைக் கண்டால் இருமல் மருந்து ஞாபகம் வரும். கள்ளு என்றால் காலை எட்டு மணிக்குள், அதற்குப் பிறகு அதற்கும் கோபம் வந்துவிடுகிறது, குடித்தவனுக்கும் வந்துவிடுகிறது. இந்த அறுபத்திரண்டு வயதில் இதெல்லாம் ஒழிந்து, பாக்கி இருப்பது வருஷத்துக்கு ஒரு பீங்கான் பரணி நிறையக் கிறிஸ்துமஸ் வைன் மட்டும். அதுவும் வீட்டில் போடுவது குற்றம் என்று பேப்பரில் எழுதுகிறார்கள். அக்காவும் நானும் ஒரே நாளில்தானே இந்த வருஷமும் பரணி வாயைக் கட்டினோம். நேற்று சனிக்கிழமை அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று பத்தொன்பதாம் நாள். இன்னும் இரண்டே நாள். கொட்ட மனசு வருமா?

ஸ்டோர் ரூமில் பரணியை மூலைக்குத் தள்ளி, "உப்பு மாங்காய்" என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டினேன். ஆனால் மாங்காய்ப் பரணியைச் சுற்றி முப்பது நாற்பது குட்டி ஈ கும்மி அடிக்குமா? மணத்தை மறைக்கத் தாசம்மாள் காலையிலிருந்து அயிலை மீன் பொரித்துக்கொண்டே இருந்தாள். சுமி எனக்குப் பாடம் நடத்தினாள். "அப்பா, அவங்க என்ன கேட்டாலும் 'எனக்கு அறியாது' மட்டும் சொல்லுங்க. உங்க வாய இன்னைக்கு ஒரு நாளைக்குப் பூட்டி வைங்க, கேட்டேளா." முன்னால் வந்த இரண்டு இடமும் தட்டிப்போயிற்று. இந்தப் பையன் விஷயத்தில் மட்டும் ஒரு வாரமாகப் போனைப் பார்த்துத் தனியே சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் வாயைத் தைத்துக்கொள்ளவும் தயாராக இருந்தேன்.

வந்தார்கள். டென்னிசன் சார் உள்ளே கால் வைத்ததுமே மூக்கை ஒரு தடவை உயர்த்தினார். மனிதர் ரிட்டயர் ஆகிவிட்டார், மூக்கு இன்னும் சர்வீஸில்தான் இருக்கிறது. நாரங்கா வெள்ளம் கொடுத்தோம். அந்த எலுமிச்சை ஜூஸை ஏதோ துக்கச் செய்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுக் குடித்தார். பிறகு காலை நீட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தார். "தங்கையன் சாரே, இந்த ரம்மும் பிராந்தியும் எல்லாம் ஒண்ணுதான். கலருதான் வேற." ஒரு நேந்திரங்காய் சிப்ஸை வாயில் திணித்துக்கொண்டேன். "கள்ளு காலையில குடிச்சாலும் சாயங்காலம் குடிச்சாலும் ஒரே ருசி, இல்லியா?" என்றார். ஒரு கிளாஸ் தண்ணீரை முழுதாகக் குடித்தேன். தாசம்மாள் கதவுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். மூன்றாவதாகச் சொன்னார்: "பின்ன இந்த வீட்டு வைனு. அது என்னத்துக்கு? சர்க்கரத் தண்ணி. பிள்ளைங்களுக்குக் கொடுக்கத்தான் கொள்ளாம்."

அத்தான், ஒரு மனுஷனால் எவ்வளவுதான் பொறுக்க முடியும்? "சாரே, அப்படிச் சொல்லப்பிடாது" என்று என் வாய் என்னைக் கேட்காமல் புறப்பட்டுவிட்டது. "சர்க்கரத் தண்ணி ஆகுறது அளவு தெரியாதவன் போட்டா. சாலைச் சந்தையில கறுப்பு முந்திரிங்ங, அதான் திராட்ச, காம்பு பச்சையா இருக்கத வாங்கணும். கழுவி, நிழல்ல உலத்தி, ஒரு பிடி கோதம்பு போடணும். பட்ட போடப்பிடாது, கிராம்பு மட்டும் நாலு. ஈரமில்லாத மரக்கரண்டியால தினமும் ஒரே நேரத்துல இளக்கணும். இருபத்தொண்ணாம் நாள் ஊத்திப் பாருங்க, நாக்குல வச்சா இனிப்பு முதல்ல, புளிப்பு பின்ன, கிராம்பு கடைசியில தொண்டையில நிக்கும்."

டென்னிசன் சார் ரொம்ப அமைதியாகக் கேட்டார். "இருபத்தொண்ணா? அப்பம் இன்னைக்கு எத்தனாவது நாள்?"

"பத்தொம்பது" என்றேன். பொன்முடிக்கு ஒன்று என்று கேட்டால் டிக்கெட் கிழித்துக் கொடுப்பதுபோல, நினைக்கும் முன்னே கை நீட்டிக் கொடுத்துவிட்டேன்.

சுமி சாயாத் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். டென்னிசன் சார் எழுந்து, "கை கழுவணும்" என்று உள்ளே போனார். ஸ்டோர் ரூமுக்கு முன்னால் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கை கழுவவில்லை. திரும்பி வந்து, "ஆலோசிச்சுச் சொல்றோம்" என்றார். அவ்வளவு அயிலை பொரித்தும் ஒரு துண்டு தொடாமல் எல்லோரும் காரில் ஏறிப் போய்விட்டார்கள். பிரபின் மட்டும் காரிலிருந்து சுமியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான், பாவம்.

சுமி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தட்டில் சோறு போட்டு என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் நேரே ஸ்டோர் ரூமுக்குப் போனேன். பரணியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லைப்புற வாழை மூட்டில் கவிழ்த்தேன். அந்த நிறத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் அத்தான், அப்படி ஒரு நிறம் எனக்கு இதுவரை வாய்த்ததில்லை. தெருவெல்லாம் மணந்தது. சைக்கிளில் போன சபை ஊழியர் நின்று, "தங்கையண்ணே, இங்க கிறிஸ்துமஸ் நேரத்தே வந்தாச்சா?" என்று கேட்டார்.

ஆகையால் தங்களிடம் கேட்டுக்கொள்வது: தாங்கள் நாளையே நெய்யாற்றின்கரைக்குப் போய், தங்கையன் எல்லாவற்றையும் விட்டுவிட்டான், வீட்டில் ஒரு சொட்டு கிடையாது என்று டென்னிசன் சாரிடம் சொல்ல வேண்டும். இனி ஜீவனுள்ள நாள்வரை எந்த மதுவையும் தொடமாட்டேன், யார் எந்த மதுவைப் பற்றி எவ்வளவு தப்பாகப் பேசினாலும் திருத்தமாட்டேன் என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். சாட்சி இடம் காலியாக இருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். தாசம்மாளைக் கேட்டேன், "பொய்ச்சாட்சி சொல்லப்பிடாதுன்னு வேதத்துல இருக்கு" என்று சொல்லிவிட்டாள். எனக்காக வேண்டாம், சுமிக்காகப் போங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. இந்த விஷயத்தில் பாதியை மட்டும் சொல்லவும். கர்த்தர் தங்கள் முழங்கால் வலியை நீக்கி, தங்கள் வார்த்தைக்கு இன்னும் ஒரே ஒரு தடவை மதிப்பு உண்டாக்குவாராக.

தங்கள் அன்பு மைத்துனன்,
தங்கையன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது டென்னிசன் சார் வீட்டம்மா போன் செய்தார். நேற்று நெய்யாற்றின்கரை போய்ச் சேரும்வரை மனிதர் அந்த மணத்தைப் பற்றியே பேசினாராம். பிறகு அவரே போனை வாங்கினார். "தங்கையா, முப்பது வருஷமா கிறிஸ்துமஸுக்கு நான் ஏறுற வீட்டுல எல்லாம் எனக்கு நாரங்கா வெள்ளம்தான். எக்சைஸ்காரனுக்கு எவன்டே வைன் தாறான்? எல்லாவனும் துளி தொடமாட்டேன்னு சொல்லுவான். உங்க அத்தானும் அதத்தான் சொன்னாரு. நேத்து நான் வேணும்னே தப்புத் தப்பா சொல்லிப் பாத்தேன். நீரு ஒருத்தன்தான்டே உள்ளதச் சொன்னது. நேத்து இன்னும் ஒரு நிமிஷம் நின்னிருந்தா பத்தொம்பதாம் நாளே பரணி வாய்க் கட்ட அவுத்திருப்பேன், அதான் ஓடிட்டேன். நாளைக்கு இருபத்தொண்ணுல்லா? சாயங்காலம் நாங்க வாறோம், கல்யாணத் தேதி குறிக்கலாம். பரணி இருக்குல்லா?"

"இருக்கு சாரே" என்றேன். பரணி இருக்கத்தான் செய்கிறது, கொல்லையில் கவிழ்த்துக் காயவைத்திருக்கிறது. சுமி பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள், வேறு என்ன சொல்வேன்?

ஆகவே அத்தான், மேலே எழுதியது எதுவும் வேண்டாம். நாளைக் காலை முதல் பஸ்ஸில் அக்காவின் பரணியோடு வந்து சேரவும். அக்கா பட்டை போடுகிறவள், அதைப் பொறுக்கி எறிந்துவிட்டு இன்றைக்கே நாலு கிராம்பு போட்டு வைக்கவும். அந்த மூக்கு கிராம்பைக் குறித்துக்கொண்டு போயிருக்கிறது. களியக்காவிளை செக்போஸ்ட் தாண்டும்வரை பரணியை மடியிலேயே வைத்துக்கொண்டு, யார் கேட்டாலும் உப்பு மாங்காய் என்று சொல்லவும். உறுதிமொழியை அடுப்பில் போடவும். நெய்யாற்றின்கரைக்காரர்கள் யாராவது கேட்டால், தங்கையன் குடிப்பான், நன்றாகவே குடிப்பான் என்று தாங்களே தங்கள் வாயால் சொல்லிவிடவும்.