பெட்டிக்குள் போன ஒன்பது நாள்

கூட்டத்தில் ‘யாருக்காவது ஏதாவது யோசனை இருக்கா?’ என்று கேட்டால், உடனே குனிந்து செருப்பைப் பார்க்க வேண்டும். இது எனக்கு இருபத்தாறு வயதில் தெரிந்திருக்கவில்லை. கையைத் தூக்கினேன். என் வாழ்நாளில் நான் சொல்லி, ஒருவர் குறித்துக்கொண்ட யோசனை அது ஒன்றுதான். (அன்று அவர் பேனாவில் மை தீர்ந்திருக்கக் கூடாதா?)

அப்போது ஒரகடத்தில், கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தேன். பென்னலூரில் ஒரே அறையில் நான்கு பேர். அவர்களில் இசக்கிதான் எனக்கு உயிர். நான் கோவில்பட்டிப் பக்கம், அவன் அம்பாசமுத்திரம் பக்கம். ஒரே லைன், ஒரே ஷிப்ட், ஒரே சோப்பு.

எங்களைக் கட்டிப்போட்டது செல்போனில் ஆடும் ஒரு துப்பாக்கி விளையாட்டு. அதன் மூன்று பாகங்களையும் ஆடித் தீர்த்தவர்கள் நாங்கள். முதல் பாகம் எளிது. நான்கு பேர் சேர்ந்து ஒரு ராட்சசனைக் கொன்றால், அவன் விழுந்த இடத்திலேயே ஆயுதம் கிடக்கும். அதற்குப் பெயர்தான் ‘லூட்’. எவனிடம் என்ன இருக்கிறது என்பது கொல்வதற்கு முன்பே தெரியும். எடுத்துவிட்டால் காலத்துக்கும் நம்முடையது.

இரண்டாம் பாகத்தில் ராட்சசன் செத்தால் மூடிய பெட்டி ஒன்று விழுந்தது. உள்ளே பீரங்கி இருக்கலாம், தொப்பியும் இருக்கலாம். எனக்கு வந்ததெல்லாம் தொப்பிதான். (பதினேழு தொப்பி. அத்தனையும் பச்சை.) மூன்றாம் பாகத்தில் சீசன் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மூன்று மாதத்தில் சீசன் முடியும். அதுவரை சேர்த்த துப்பாக்கிகளெல்லாம் பொங்கல் கடை பொம்மைத் துப்பாக்கி மாதிரி ஆகிவிடும். புது ராட்சசனைச் சுட்டால் அவனுக்குக் கூச்சம்கூட வராது. மறுபடியும் முதலிலிருந்து. திட்டிக்கொண்டே ஆடினோம்.

எங்கள் தொழிற்சாலையில் அப்போது ஒரு நல்ல வழக்கம் இருந்தது. ஒரு மாதம் விடாமல் வேலைக்கு வந்தால் ஒரு நாள் கூடுதல் லீவு. எத்தனை நாள் வேண்டுமானாலும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். இசக்கி ஒன்பது நாள் சேர்த்திருந்தான். அவன் அப்பாவுக்கு திருநெல்வேலியில் வயிற்றில் ஆபரேஷன் செய்ய நாள் குறித்திருந்தார்கள். கிழவருக்குக் கத்தி என்றாலே பயம். “நீ பக்கத்துல இருந்தா ஒத்துக்கிடுதேன்” என்று மகனிடம் சொல்லியிருந்தார்.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போன பாதிப் பேர் சொன்ன நாளில் திரும்பவில்லை. லைன் நின்றது. எச்.ஆர். மேடம் கேண்டீனில் கூட்டம் போட்டு, ஆட்கள் ஒழுங்காக வர என்ன செய்யலாம் என்று கேட்டார். நான் எழுந்தேன்.

“லூட்டை மாத்தணும், மேடம்.”

செக்யூரிட்டி அதிகாரி விறைத்து நிமிர்ந்தார். “இன்னாது, லூட்டா? எந்த கேட்டாண்ட?”

“அந்த லூட் இல்ல சார். கேம்ல...”

நான் சொல்ல வந்தது இரண்டே வரி. முதல் பாகம்தான் நியாயமானது, நம் லீவும் அப்படித்தான், அதையே இரண்டு நாளாக ஆக்குங்கள். ஆனால் என் பேச்சை அத்தனை பேர் கேட்பது அதுவே முதல் தடவை. போர்டில் ராட்சசனை வரைந்தேன். பெட்டியை வரைந்தேன். சீசனுக்கு அம்புக்குறி போட்டேன். கால் மணி நேரம் ஓடிவிட்டது. இரண்டு வரி தொண்டையிலேயே நின்றது.

மேடம் கேட்டார்: “பெட்டி வந்த பிறகு எத்தனை பேர் ஆட்டத்தை விட்டுட்டுப் போனாங்க?”

“ஒருத்தரும் போகல மேடம். முன்னைவிட ஜாஸ்தி ஆடினோம்.”

“சீசன் வந்த பிறகு?”

“சாப்பாட்டைக்கூட விட்டுட்டு ஆடினோம் மேடம்!”

அவர் குறித்துக்கொண்டு, அதன் கீழே கோடும் போட்டார். நான் பூரித்துப்போனேன். வெளியே வரும்போது எங்கள் சூப்பர்வைசர் பாபு அண்ணன் தோளைத் தட்டினார். “நல்லாத்தான் பேசிகினு இருந்த. ஆனா எங்கியோ இடிக்குதுப்பா.”

அடுத்த மாதம் கேண்டீனில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு திரையை மாட்டினார்கள். ‘வருகைப் பெட்டி’. மாதம் முழுக்க வந்தவர் அதைத் தொட்டால் பெட்டி திறக்கும். முழுநாள் லீவோ அரைநாள் லீவோ வரலாம், தண்ணீர் பாட்டிலோ சாவி மாட்டும் கொத்தோகூட வரலாம். பக்கத்துச் சுவரில் அறிவிப்பு. அதன் மேல், கம்பெனி கொடுத்த கேடயத்தோடு பல்லைக் காட்டிக்கொண்டு என் போட்டோ. ‘யோசனை: சண்முகம், லைன் 3’. நான் போட்டோவைத்தான் பார்த்தேன். அறிவிப்பைப் படித்தவன் இசக்கி.

“மாப்ள, மூணு மாசத்துக்கு ஒருக்கா லீவெல்லாம் அழிஞ்சிருமாம். பழைய லீவும் சேத்து.”

“அப்படில்லாம் போட்டிருக்காதுல.”

“போட்டிருக்கு. ஒம் மூஞ்சிக்குக் கீழதான் கெடக்கு.”

ஆபரேஷன் நாள், கம்பெனியின் அந்த மூன்று மாதச் சீசன் முடிந்து பன்னிரண்டாவது நாள். அதற்குள் ஒன்பது நாளும் அழிந்துவிடும். ஆஸ்பத்திரியில் தேதியை முன்னுக்குத் தள்ள மறுத்துவிட்டார்கள். லீவு இல்லாமல் போனால் ஒப்பந்தக்காரனுக்கு வேலை போய்விடும். இருவரும் மேடத்திடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். “சிஸ்டத்துல போட்டாச்சுப்பா. நான் நினைச்சாலும் மாத்த முடியாது” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “ஐடியா நல்லா வேலை செய்யுது, சண்முகம்” என்றார்.

சீசன் முடிந்த மறுநாள் இசக்கி அந்த மாதத்துப் பெட்டியைத் திறக்கப் போனான். லைன் மொத்தமும் சுற்றி நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டு எங்கள் ஊர்ச் சாமிகள் அத்தனை பேரையும் கூப்பிட்டேன். திரையில் வாணவேடிக்கை வெடித்தது. ‘வாழ்த்துகள்! சாவிக்கொத்து!’

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் அறைக்கு இருந்ததே ஒரு சாவி. அதுவும் வீட்டுக்காரரிடம்தான் இருக்கும்.

பாபு அண்ணன்தான் மெதுவாகச் சொன்னார்: “ஒரு நாள் நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன். போய்ட்டு வந்துடு.”

இசக்கி அந்த ஒரு நாளில் போய், அப்பா கையைப் பிடித்து ஆபரேஷன் அறை வாசல்வரை விட்டு, மயக்கம் தெளிவதற்குள் பஸ் ஏறித் திரும்பினான். நான்காம் நாள் கிழவருக்குக் காய்ச்சல் கண்டது. அன்று மதியமே போய்விட்டார். எங்கள் போன்கள் லாக்கரில் இருந்தன. அவன் தங்கை செல்வி அழைத்து அழைத்து ஓய்ந்து, கடைசியில் கம்பெனி எண்ணுக்குப் பேசியிருக்கிறாள். பாபு அண்ணன் லைனுக்கு வந்து இசக்கியின் தையல் மெஷினை நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார்.

சாவுக்கு மட்டும் பெட்டி திறக்க வேண்டியதில்லை. படிவத்தில் ஒரு கையெழுத்து, நேராக மூன்று நாள்.

நான் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாமல் அவனோடு கிளம்பினேன். பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு நின்றபோது அவன் ஒரே ஒரு தடவை பேசினான்.

“மூணாவது பாகம் வந்தப்பவே நாம ஆட்டத்தை நிறுத்தியிருக்கணும், மாப்ள.”

என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாவு வீட்டில் செல்வி தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “போட்டோல இருக்கது நீங்கதான?” என்று கேட்டாள். அறிவிப்பைப் படிப்பதற்கு முன்பே இசக்கி என் படத்தை எடுத்து, ‘என் கூட்டாளி’ என்று பெருமையாக வீட்டுக்கு அனுப்பியிருக்கிறான். ஆமாம் என்று தலையசைத்தேன். அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சொல்லாமல் போனதற்காக என்னை வேலையிலிருந்து எடுத்தார்கள். மறைமலை நகரில் வேறு வேலை தேடிக்கொண்டேன். சில மாதங்களில் இசக்கியும் வந்தான், அவன் பின்னால் லைன் 3-இல் பாதியும் வந்தது. விளையாட்டை விடாதவர்கள் வேலையை விட்டுவிட்டார்கள். வருகைப் பெட்டியைக் கழற்றிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். என் போட்டோ மட்டும் ரொம்ப நாள் தொங்கியதாம், யாரோ வரைந்த கொம்புகளோடு.

மூன்று வருடம் கழித்து, இசக்கியிடம் அவன் தங்கையைக் கேட்டேன். (இதைக் கேட்க எனக்கு ஏது தைரியம் என்று இன்றும் தெரியவில்லை.) அவன் “அவகிட்ட கேளு” என்றான். செல்வி ஒரு வருடம் யோசித்தாள்.

கல்யாணத்தன்று இசக்கி மிக்ஸியைக் காகிதம் சுற்றாமல், ஒயர் தரையில் இழுபட, அப்படியே தூக்கிக்கொண்டு மேடை ஏறினான். “உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டு வாங்கிக்கிடு, மாப்ள” என்றான். மண்டபத்தில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. புரிந்தவர்கள் சிரித்துவிட்டு, சிரித்தது சரியா என்று என் மாமியாரைப் பார்த்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் எதையும் சுற்றிக் கொடுப்பதில்லை. பிறந்தநாளுக்குச் சைக்கிள் என்றால் சைக்கிளாகவே வரும். ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் மாமியார்தான் கதை சொல்வார். ராட்சசன், பெட்டி, பல்லைக் காட்டும் போட்டோ, சாவிக்கொத்து என்று நடித்தே காட்டுவார். பிள்ளைகள் உருண்டு சிரிக்கும்.

“அப்புறம் என்ன ஆச்சு ஆச்சி?”

“அப்புறம் என்ன? ஒங்கப்பா எங்க வீட்டு மாப்பிள்ளை ஆயிட்டாரு” என்று முடித்துவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.