நூத்தியெழுவத்தி நாலின் தேங்காய்க் களம்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக எங்கள் ஊர்ப்பக்கம் காற்று வந்திருக்கிறது, சாரல் வந்திருக்கிறது, ஒரு தடவை வழி தவறிய யானைகூட வந்திருக்கிறது. ஆனால் ‘டிரம் அண்ட் பேஸ்’ என்று ஒரு இசை வந்து சேர்ந்ததற்கான முழுப் பொறுப்பும் ஒரே ஒரு மனிதரைத்தான் சேரும். அவர் மட்டும் பெங்களூர் வேலையிலேயே இருந்திருந்தால், கேரள எல்லையோர எருத்தேன்பதி வட்டாரத்து ஜனங்கள் அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாமல் சந்தோஷமாக வாழ்ந்து முடித்திருப்பார்கள்.

ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. ஊரில் அதை யாரும் உபயோகித்ததில்லை. ‘நூத்தியெழுவத்தி நாலு’ என்றால்தான் தெரியும். அவசரக்காரர்களுக்கு ‘எழுவத்தி நாலு’.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவர், அப்பா தவறியதும் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பினார். சாமான் வண்டியில் கட்டில், பீரோ வரும் என்று எதிர்பார்த்த அவருடைய அம்மாவுக்கு, ரெண்டு தட்டு சுற்றுகிற ஒரு பெட்டியும் வயர்மூட்டையும்தான் வந்து இறங்கின. டீக்கடையில் யாராவது, “ஏனுங் தம்பி, நீங்க டிஜே பாட்டுப் போடறீங்களாமா?” என்று வாயைக் கொடுத்தால் தொலைந்தார்கள்.

“அந்த டிஜே பாட்டெல்லாம் நிமிசத்துக்கு நூத்தியிருவது தாள அடிதானுங்க. நம்முளுது நூத்தியெழுவத்தி நாலு!”

பால்காரர், தேங்காய் வியாபாரி, கரண்ட் பில் எடுக்க வந்தவர், துக்கம் விசாரிக்க வந்தவர் என்று அவர் இதைச் சொல்லாத ஆள் பாக்கியில்லை. பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெயரால் ஒரு நாள் உயிரே போக இருந்தது. பள்ளிக்கூடத்தில் இலவச மருத்துவ முகாம். பிரஷர் பார்க்கும் மேஜைக்கு இவர் முறை வந்தபோது, வரிசையைக் கவனித்த நம் ஊர்ப் பெண் சத்தமாக, “நூத்தியெழுவத்தி நாலு! உள்ள வாங்க!” என்றாள். வெளியூரிலிருந்து வந்திருந்த மலையாள டாக்டரம்மா பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

“நூற்றி எழுபத்திநாலோ? வேகம் கிடத்து!”

நாலு பேர் பாய்ந்து இவரைப் பெஞ்சில் கிடத்தினார்கள். “ஐயோ, அது என்ற பேருங்க டாக்டர்!” என்று இவர் கத்த, சொந்தப் பேரே மறந்துபோய்விட்டது என்று டாக்டரம்மா இன்னும் பயந்துவிட்டார். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்ட பிறகுதான் விஷயம் விளங்கிற்று. அதற்குள் இவருக்கு உண்மையாகவே பிரஷர் ஏறியிருந்தது.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், நான் அப்போது அந்த ஊர்ப் பால் சங்கத்தில் கிளார்க். பால் அளப்பது, கொழுப்பு பார்ப்பது, சண்டை விலக்குவது மூன்றும் என் உத்தியோகம். சங்கக் கட்டடம் அவர் தோப்பின் முகப்பிலேயே இருந்தது. எங்களுக்கும் அவருடைய தேங்காய்க் களத்துக்கும் நடுவே ஒரு இடுப்பளவுச் சுவர்தான். அவருடைய கலை வாழ்க்கை முழுவதையும் முதல் வரிசையிலிருந்து பார்க்கும் பாக்கியம் இப்படித்தான் எனக்கு வாய்த்தது.

அந்த இசையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வார்த்தை கிடையாது. ராகம் தேடினால் கிடைக்காது. தகரக் கொட்டகைக்குள் நாலு முயலைத் துரத்தி விட்டதுபோல மேலே ஒரு படபடப்பு. அடியில், போர்வெல் வண்டி பாறையைத் தொட்டதுபோல ஒரு பேஸ். அது காதுக்கு வராது, நேராக வயிற்றுக்கு வரும்.

தேங்காய் காயப்போடும் அந்தக் களத்தில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு ஆட்டம் என்று அறிவித்தார். அவருடைய அம்மாவுக்கு ஒரு காது கேட்காது. மூன்று மணியானால் இன்னொரு காதில் பஞ்சை வைத்துக்கொண்டு அண்டா நிறைய மோர் கலக்க உட்கார்ந்துவிடுவார்.

“இதையெல்லாம் ராத்திரியிலதானுங்களே தம்பி வெப்பாங்க?” என்று நான் கேட்டேன்.

“ராத்திரி வெச்சா சந்தேகப்படுவாங்க, அக்கா. பகல்ல வெச்சா பாவப்படுவாங்க. பாவப்பட்டாப் பரவால்லீங்க.”

முதல் ஆட்டம் திருவிழாதான். கோயமுத்தூர், பொள்ளாச்சி, பாலக்காடு, திருச்சூர் என்று எங்கெங்கிருந்தோ பையன்களும் பெண்பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். தமிழ்நாட்டு வண்டியும் கேரளத்து வண்டியும் மாறி மாறி நின்றதில் பால் வண்டி உள்ளே வர வழியில்லை. பேக்கரிக்காரர் பப்ஸ் கொடுத்தார். ரேடியோ செட் மணி அண்ணன் தன் பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கி, மேலே எலுமிச்சம்பழம் கட்டினார். வார்டு மெம்பர் குத்துவிளக்கு ஏற்றி மைக்கைப் பிடித்தார்.

“நமது எல்லைப்புறத்தில் இப்படி ஒரு பாரம்பரியக் கலையை வளர்க்கும் தம்பியை...”

“பாரம்பரியமில்லீங்க,” என்று நூத்தியெழுவத்தி நாலு பக்கத்திலிருந்து திருத்தினார். “லண்டனுங்க.”

மெம்பர் அசரவில்லை. “இந்த லண்டன் பாரம்பரியத்தை...” என்று தொடர்ந்து முடித்தார்.

வாசலில் நின்று வந்தவர்களின் வாயை மோந்து பார்த்தார் நூத்தியெழுவத்தி நாலு. சுற்றிலும் கள்ளு இறக்குகிற தோப்புகள். கள்ளு வாடை அடித்தால் ஒரு சொம்பு மோரைக் கொடுத்து, வேப்பமரத்தடியில் உட்காரவைத்துவிடுவார். அன்றைக்கு வேப்பமரத்தடியிலும் நல்ல கூட்டம்.

ஒரு வருஷம் போல இப்படி அமர்க்களமாக ஓடியது. அப்புறம்தான் சரிவு ஆரம்பித்தது. ஒரே நாளில் இல்லை, ஓட்டைக் குடம் மாதிரி.

முதலில் பையன்கள். ஒருத்தன் கனடா போனான், ஒருத்தன் துபாய். ரெண்டு பேருக்குக் கல்யாணமாகி, ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. மிச்சமிருந்தவர்களுக்குக் கோயமுத்தூரிலேயே ஏசி போட்ட ஹாலில் ஆட்டம் கிடைத்தது. களத்து வெயிலும் மோரும் யாருக்கு வேண்டும்?

அடுத்தது பேக்கரிக்காரர். “நடுவுல நாலு சினிமாப் பாட்டுப் போடுங்க, பப்ஸ் தாரேன்” என்றார். இவர் மாட்டேன் என்றுவிட்டார். பிறகு மெம்பர். தேர்தல் வந்ததும் அவருக்கு லண்டன் பாரம்பரியம் மறந்துவிட்டது. “தம்பி, வார்டுல பேரு கெடுதுங்க. கொஞ்ச நாளைக்கு வேண்டாமே” என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்.

பேர் கெடுத்தது யார்? எங்கள் சங்கத்து ஆட்கள்தான். தினமும் பால் ஊற்றுகிற சரசக்கா ஒரு நாள் கேனை வைத்தாள். நான் பாலைச் சோதித்தேன். அதில் பாலைவிடத் தண்ணீர்தான் அதிகம்.

“என்னங்க்கா இது, இத்தனை தண்ணியா இருக்குது?”

“நானென்ன பண்ணட்டும் கண்ணு? அந்த எழுவத்தி நாலு போடற சத்தத்துல மாடு மெரண்டுபோய் இப்படித்தான் எறக்குது!”

அவ்வளவுதான். அன்றிலிருந்து தண்ணி கலந்த அத்தனை பேருக்கும் ஒரே வியாதி, ஒரே காரணம். ஆட்டம் மாதத்துக்கு ஒரு நாள்தான். மாடுகள் மட்டும் முப்பது நாளும் மிரண்டன. சங்கத்துக் கூட்டத்தில் அவர் மேல் புகார் வந்தது. நான் எழுந்து, “மெரண்ட மாட்டுக்குப் பால் கொறையும், தண்ணி எப்படிங்க கூடும்?” என்று கேட்டேன். என் கேள்வியை ஒதுக்கி வைத்தார்கள். புகாரை மட்டும் ஏகமனதாக ஒத்துக்கொண்டார்கள்.

கையைச் சுருக்கிக்கொண்ட கடைசி ஆள் மணி அண்ணன். கூட்டம் குறைந்துபோச்சு, பெரிய ஸ்பீக்கர் எதற்கு என்றவர், போகப் போக வரவே இல்லை. போவதற்கு முன்னால் நல்லெண்ணத்தில் ஒரு உபகாரம் செய்தார். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்புக்கு இவரைப் பிடித்துக் கொடுத்தார். “பொழைச்சுக்கட்டும்” என்றார் என்னிடம்.

அந்தக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். நூத்தியெழுவத்தி நாலு வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார். முயல்கள் ஓடின. போர்வெல் இறங்கியது. இலையில் ரசம் நடுங்கியது. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் மேலே பார்த்தார்கள். மாப்பிள்ளையின் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடத் தயாராக மேடைக்கு முன்னால் வந்து நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாக மேடை ஏறினார்.

“ஏனுங், பாட்டு எப்பங்க வரும்?”

“இதுதானுங்க பாட்டு.”

“இல்லீங்க, இது மோட்டாரு ஓடுது. அது சரிதான். பாட்டு எப்பங்க?”

“மோட்டாரில்லீங்க மாமா, இதேதான் பாட்டு!”

மாமா தலையை ஆட்டிக்கொண்டே இறங்கினார். பிறகு மேடைக்குப் பின்னால் போய் ஜெனரேட்டர்காரரைத் திட்ட ஆரம்பித்தார். அதற்குள் யாரோ ஒரு பையன் தன் போனைச் செட்டில் சொருகி ஒரு சினிமாப் பாட்டைப் போட, கல்யாண மண்டபமே எழுந்து ஆடியது. நூத்தியெழுவத்தி நாலு தன் வயர்களைச் சுருட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பாயசம் ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். சம்பந்தம் பேசுகிற தரகரும் அதே பந்தியில் இருந்தார். “பையனுக்குக் கள்ளு இல்லை, சீட்டு இல்லை, தங்கமான பையன், ஆனா...” என்று அவர் இழுத்த இழுப்பிலேயே மூன்று சம்பந்தம் போயிற்று.

“சினிமாப் பாட்டே போட்டாத்தான் என்னங்க தம்பி?” என்றேன் பஸ்ஸில் வரும்போது.

“அதைப் போட ஆயிரம் பேரு இருக்காங்க, அக்கா. இதைப் போட இந்தப் பக்கத்துல நானும் திருச்சூர்ல ஒருத்தரும்தான் மிச்சம். நானும் உட்டுட்டா அந்த ஆளு தனியாப் போயிருவாருங்க.”

அந்தத் திருச்சூர்க்காரரைத்தான் அடுத்த மாதம் வரவழைத்தார். டைல்ஸ் கடையில் வேலை பார்க்கிற, ஒல்லியான, மீசை வைத்த ஒரு சேட்டன். ‘இரண்டு மாநிலங்களின் மாபெரும் ஆட்டம்’ என்று போனில் எல்லாருக்கும் படம் அனுப்பினார். களத்தைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, தன்னுடைய சின்ன ஸ்பீக்கர்களைத் தேங்காய் மட்டைமேல் ஏற்றி வைத்தார். அம்மா அண்டா நிறைய மோர் கலந்து வைத்துவிட்டுச் சீக்காளித் தங்கையைப் பார்க்கப் போய்விட்டார்.

மூன்று மணிக்கு ஒருத்தரும் வரவில்லை. மூன்றரைக்கும் இல்லை. நாலு மணிக்கு எங்கள் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறவர்கள் மட்டும் வழக்கம்போல வந்து, வரிசையில் நின்று சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். காலிக் களம். அதில் ரெண்டு ஆண்கள், ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி.

விருந்தாளியின் முன்னால் அவருக்கு எவ்வளவு அவமானமாக இருந்திருக்கும்! காது ரெண்டும் சிவந்திருந்தது இங்கிருந்தே தெரிந்தது. ஏதோ சொல்லி மன்னிப்புக் கேட்டார் என்று நினைக்கிறேன். திருச்சூர்க்காரர் அதைக் காதில் வாங்கவே இல்லை. “நீ வெக்கு மாஷே, ஞான் ஆடாம்” என்று, நீ போடு நான் ஆடுகிறேன் என்பதை மலையாளத்தில் சொல்லிவிட்டு எழுந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் களத்தின் நடுவில் போய் நின்றார்.

இவர் போட்டார், அவர் ஆடினார். முக்கால் மணி நேரம் கழித்து அவர் பெட்டிக்குப் பின்னால் வந்தார், இவர் களத்துக்குப் போனார். அவர் போட்டார், இவர் ஆடினார். இருநூறு பேருக்கு நடுவில் ஆடுவதுபோல, பக்கத்து ஆளை இடிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி ஆடினார்கள். சுவரோரம் நின்ற கூட்டம் முதலில் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு தானாக நின்றுவிட்டது. சரசக்கா கேனை எடுத்துக்கொண்டு, “கிறுக்கனுக” என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள். அவள் போனபிறகுதான் கவனித்தேன், அன்றைக்கு அவள் பாலில் தண்ணீர் இல்லை.

ஐந்தரைக்குத் திருச்சூர்க்காரர் இவரைக் கட்டிப்பிடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார். ஆட்டம் ஆறு மணி வரை என்று அறிவித்திருந்தது. அறிவித்தால் அறிவித்ததுதான். இவர் திரும்பிப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாருமே இல்லாத களத்துக்குப் போட ஆரம்பித்தார்.

நான் சங்கத்தைப் பூட்டினேன். வீட்டுக்குப் போகத்தான் பூட்டினேன். ஆனால் கேட்டைத் திறந்துகொண்டு களத்துக்குள் போனேன். இத்தனை நாளும் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றே பார்த்தவள், அன்றைக்குத்தான் முதல் தடவையாக உள்ளே காலை வைத்தேன். அவர் அவசரமாக ஹெட்போனைக் கழற்றினார்.

“சத்தம் அதிகமாங்க்கா? கொறைச்சரட்டுங்களா?”

“வேண்டாமுங்க தம்பி. நீங்க போடுங்க.”

“ஆடணும்னெல்லாம் இல்லீங்க்கா. சும்மா நின்னாப் போதும்.”

அண்டாவிலிருந்து ஒரு டம்ளர் மோர் மொண்டு எடுத்துக்கொண்டு களத்தின் நடுவில் நின்றேன். நாற்பத்தெட்டு வயசு, காட்டன் சேலை, கக்கத்தில் கைப்பை. பாதத்து வழியாக ஏறி அந்தப் பேஸ் வயிற்றுக்கு வந்தது. டம்ளரில் மோர் வட்டம் வட்டமாக அலையடித்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சரியாக ஆறு மணிக்கு நிறுத்தினார். பக்கத்தில் வந்தார்.

“எப்படீங்க்கா இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சுங்க தம்பி.”

“பொய்தானுங்களே?”

“பொய்தானுங்க.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ரெண்டு பேருமாக மிச்ச மோரை வீணாக்காமல் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்பினோம்.

அதற்கப்புறம் கூட்டம் திரும்பி வந்ததா என்றால், இல்லை. வருகிற மாதிரியும் தெரியவில்லை. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இப்போது மகளோடு கோயமுத்தூரில் இருக்கிறேன். அந்த இசை இன்றைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் வீட்டில் மத்தியானச் சமையல் சீக்கிரமே முடிந்துவிடும். ஊர்ப்பக்கம் போகிற வேலந்தாவளம் பஸ்ஸைப் பிடித்தால்தானே மூன்று மணிக்கு நான் களத்தில் இருக்க முடியும்.