மச்சானுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்

திருப்பூரில் பனியன் தைத்துப் பெரிய ஆளானவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். நானே ஒருவன். ஆனால் ஒரு மரத்தைப் பிடித்துச் சட்டியில் போட்டு, அதற்கு ஆயுள் தண்டனை கொடுத்து, தினமும் மரியாதையாகத் திட்டி, தண்டனை பாதியில் முடிந்துவிடக் கூடாதே என்று அதற்கு வைத்தியமும் பார்த்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். அவரும் என்னிடம்தான் வேலை பார்த்தார்.

அவருக்குப் பெயர் கட்டிங் மாஸ்டர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். சம்பளப் புத்தகத்திலேயே நான் ‘மாஸ்டர்’ என்றுதான் எழுதினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன் நான். நீளமான பெயர்களை எழுத்துக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கம்பெனி எப்போது வளர்வது?

எண்பதுகளின் நடுவில் பல்லடம் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையும் சில மிஷின்களும்தான் என் சாம்ராஜ்யம். தைக்கிறவர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கும் ஆளாக நுழைந்து, அந்தக் கொட்டகைக்கு நான் முதலாளியான கதையைத் தனியாகவே எழுதலாம். எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அதனால் மாஸ்டர் கதைக்கு வருகிறேன்.

மாஸ்டர் மடத்துக்குளம் பக்கத்து விவசாயி. அவர் தென்னந்தோப்புக்கும், ஒட்டினாற்போல இருந்த அவர் அக்கா வீட்டுக்காரர் நிலத்துக்கும் நடுவில் ஒரே கிணறு. இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. மச்சானிடம் யாரோ, “தைலமரம் போடுங்க. களை எடுக்க வேண்டாம், காவல் வேண்டாம், ஆடுகூடக் கடிக்காது, வளந்தா லாரி வந்து அள்ளிட்டுப் போயிரும்” என்று சொல்லியிருக்கிறார்கள். மச்சான் வரப்பு நெடுகத் தைலமரம் நட்டார். மரம் மேலே போனது. கிணறு கீழே போனது. மாஸ்டரின் தென்னைகள் மட்டையைத் தொங்கப் போட்டன.

மரத்தை வெட்டச் சொல்லி மாஸ்டர் போய்க் கேட்டார்.

“மழ பேயாததுக்கு மரம் என்னங்க பண்ணும் மாப்ள?” என்றார் மச்சான்.

“இந்தக் கெணத்துல தண்ணி ஊறுற வரைக்கும் இந்த ஊட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டனுங்க மச்சான். வரட்டுங்களா?” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மாஸ்டர் பஸ் ஏறிவிட்டார். எங்கள் பக்கத்தில் ஜென்மப் பகைகூட ‘ங்க’ போட்டுத்தான் ஆரம்பிக்கும்.

திருப்பூரில் கத்திரி பிடிக்கப் பழகி, என்னிடம் வந்து சேர்ந்தபோது அவர் கைக்கு ஈடு இல்லை. அவர் வெட்டிய துணியை அளந்து பார்ப்பது அளவு டேப்புக்குத்தான் அவமானம். அப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த மனிதரைக் கெடுத்தது ஒரு சலூன்.

ஒரு நாள் முடி வெட்டிக்கொள்ளப் போனவர், பாதித் தலையோடு கம்பெனிக்குள் ஓடி வந்தார். ஒரு பக்கம் வெட்டியாகிவிட்டது, மறு பக்கம் காடாக இருந்தது. கையில் சலூன்காரரின் வாரப் பத்திரிகை. அதில் ஒரு படம். ஜப்பான் தேசத்தில் ஏதோ ஒரு மரம் முந்நூறு வயதாகியும் சாப்பாட்டுத் தட்டு அகலச் சட்டியில் முழங்கால் உயரத்தில் நிற்கிறதாம். போன்சாய் என்று போட்டிருந்தது.

“மொதலாளி, மரத்த ஜெயில்ல போடலாமுங்க” என்றார். “ஜப்பான்ல முந்நூறு வருசமா போட்டு வெச்சிருக்கறாங்க. நமக்குத்தான் தெரியாமப் போச்சுங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் போனார். அக்கா வீட்டுக்குள் நுழையவில்லை. மச்சான் வரப்பில் தானாக முளைத்திருந்த ஒரு தைலங்கன்றைக் கைது செய்து, ஈரத் துணியில் சுற்றி, உடுமலை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். அடியில் ஓட்டை போட்ட அகலமான மண்சட்டியில் அடைத்தார். கட்டிங் டேபிளுக்கு எதிரே, ஜன்னல் ஓரத்தில் வைத்தார். பெயரும் வைத்தார். மச்சான்.

அன்று முதல் கம்பெனியில் காலை வேலை இப்படித்தான் தொடங்கும். மாஸ்டர் ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்து மரத்துக்கு முன்னால் நிற்பார்.

“ஏனுங் மச்சான், தாகமுங்களா? ஒரு கெணத்தையே குடிச்சவருக்கு ஒரு டம்ளர் பத்துமுங்களா? பத்தாதுங்க. ஆனா அவ்வளவுதானுங்க.”

ஊற்றிவிட்டுக் கத்திரியை எடுப்பார். துணி வெட்டும் கத்திரியால் யாராவது காகிதம் வெட்டினாலே கையை ஒடிக்கிற மனிதர், மச்சானுக்கென்று தனிக் கத்திரி வைத்திருந்தார். தைலமரத்தின் குணம் உங்களுக்குத் தெரியாது. உச்சியில் ஒன்றைக் கிள்ளினால் கீழே நாலு முளைக்கும். அந்த நாலும் ஒரே வாரத்தில் வானத்தைப் பார்க்கும்.

“பாருங்க மொதலாளி, எங்க மச்சான் புத்தி. இவரு எக்ஸ்ட்ரா லார்ஜ் போறதுக்குப் பாக்கறாருங்க. உடக் கூடாது. ஸ்மால்தான்” என்பார். எரிந்துபோன மோட்டாரில் சுற்றியிருந்த செம்புக் கம்பியைப் பிரித்து எடுத்து, கிளைகளில் சுற்றி வளைப்பார். நேராகவே நிற்கத் தெரிந்த மரத்தைப் பணிவாகக் குனியவைத்தார். மழைக்காலம் வந்தால் சட்டியிலிருந்து தூக்கி வேரையும் அளவாகக் கத்தரிப்பார். வெட்டிய இலைகள் அயர்ன் மேசைக்குப் போகும். அயர்ன் காதர் பாய்க்குப் பஞ்சுத் தூசியில் எப்போதும் மூக்கடைப்பு. “மச்சான் எலைல ஆவி புடிச்சாத்தான் தூக்கமே வருதுங்க” என்பார் அவர். கைதியால் ஊருக்கும் உபகாரம்.

நாலைந்து வருஷத்தில் மரம் முழங்கால் உயரத்தில், தண்டு பருத்து, பட்டை உரிந்து, பார்க்கிறவர்கள் நின்று பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. கொட்டகை கட்டடமானது. மிஷின்கள் பெருகின. நான் பெருத்தேன். அந்தக் கம்பெனியில் வளராமல் இருந்தது மச்சான் ஒருவர்தான்.

ஒரு கோடையில் அதற்கு ஒரு பக்கம் கிளை கருகத் தொடங்கியது. ஏற்றுமதி ஆர்டர் தலைக்கு மேல் இருக்கிறது, மாஸ்டர் லீவு கேட்டார்.

“யாருக்கு மேலுக்குச் சொகமில்லீங்க?”

“மச்சானுக்குங்க.”

லீவில் கம்பெனியிலேயே உட்கார்ந்திருந்தார். பனியன் வேஸ்ட் துணியை நனைத்துச் சட்டியைச் சுற்றிப் போர்த்தினார். மத்தியானம் வெயில் திரும்பினால் குடை பிடித்தார். லாரித் தண்ணீருக்கு ஊரே குடத்தோடு அலைந்த காலம் அது. தான் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரையும் அதற்கே ஊற்றினார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு வார்த்தை விசாரிக்காதவர்.

“இத்தன பாசத்த வெச்சுட்டு எதுக்குங்க மாஸ்டர் திட்டறீங்க?” என்று கேட்டேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “பாசமுங்களா? செத்துட்டா தண்டன முடிஞ்சு போயிருமுங்க. அத்தன லேசுல உட்ருவனுங்களா?”

பம்பாயிலிருந்து ஒரு ஏஜெண்ட் வந்தார். நான் விரித்துப் போட்ட பனியன் ஒன்றையும் பார்க்கவில்லை, மரத்தையே பார்த்தார். இதைக் கொடுத்தால் ஆர்டரைப் பற்றி உட்கார்ந்து பேசலாம் என்று பாதி இங்கிலீஷிலும் பாதி ஜாடையிலும் சொன்னார். எனக்கு இரண்டும் நன்றாகவே புரிந்தது. மாஸ்டரைப் பார்த்தேன்.

“வித்துட்டா அது விடுதலைங்க மொதலாளி” என்று சொல்லிவிட்டுத் துணி விரிக்கப் போய்விட்டார். ஆர்டர் பக்கத்துக் கம்பெனிக்குப் போனது. நான் கலங்கவில்லை. கலங்குகிற ஆள் இந்த ஊரில் நிலைத்திருக்க முடியாது.

தொண்ணூறுகளில் ஒரு தை மாதம், அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று உடுமலை பஸ் கண்டக்டர் மூலம் செய்தி வந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாய்மாமன் வந்து நின்று சீர் செய்யாவிட்டால், வந்த சனம் சாப்பாட்டைப் பற்றிப் பேசாது, அதைப் பற்றித்தான் பேசும்.

“போறீங்களா மாஸ்டர்?” என்றேன்.

“கூப்பிடாத ஊட்டுக்கு எப்படீங்க போறது? தாய்மாமன்னு வேற யாராச்சும் நின்னுக்குவாங்க.”

அந்த வாரம்தான், அளவு டேப்பை அவமானப்படுத்திய அந்தக் கை, ஒரு அடுக்குத் துணி முழுக்கக் கைப்பாகத்தைக் குட்டையாக வெட்டிவிட்டது. மறுநாள் காலையில் நான் கதவருகே இருப்பது தெரியாமல் அவர் மரத்திடம் பேசிக்கொண்டிருந்தார். டம்ளர் கையில் இருந்தது, ஊற்றவில்லை.

“நாந் தூக்கி வளத்த புள்ளைங்க மச்சான். அதோட கண்ணாலத்துக்குக்கூட ஒரு வார்த்த வந்து கூப்பிட மாட்டீங்க. அப்படித்தானுங்களே?”

அன்றைக்கு ‘ங்க’ போட்டும் அது திட்டாக இல்லை.

சில நாள் கழித்து மச்சான் வந்தார். மரம் இல்லை, ஆள். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் வெற்றிலை பாக்குப் பழத்தோடு தட்டு. நல்ல உயரம், கதவில் குனிந்துதான் உள்ளே வர முடிந்தது. ஒவ்வொரு மிஷினாகச் சத்தம் நின்றது. மாஸ்டர் கத்திரியைக் கீழே வைத்தார்.

“வாங்க மச்சான்.”

“வந்தனுங்க மாப்ள.”

“ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?”

“சௌக்கியமுங்க. நீங்க சௌக்கியமுங்களா?”

“சௌக்கியமுங்க.”

விசாரிப்பு அதோடு முடிந்தது. ஆனால் வந்த உறம்பரைக்கு, சொந்தக்காரருக்கு, தண்ணீர் கொடுக்காமல் இருக்க முடியாது. ஆகாதவராக இருந்தாலும் முடியாது. அது ரத்தத்தில் ஊறியது. லாரி வராததால் கம்பெனிப் பானை காலி. மேசை மேல் இருந்தது ஒரே ஒரு டம்ளர், மரத்துக்கென்று மொண்டு வைத்த அன்றைய ரேஷன். மாஸ்டர் அதைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார்.

மச்சான் பாதி குடித்தார். அப்போதுதான் ஜன்னல் ஓரம் அவர் கண்ணில் பட்டது.

“ஏனுங் மாப்ள, செடி வாடி நிக்குதுங்களே” என்று மிச்சத்தை அதன் வேரில் ஊற்றினார். குனிந்து ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தார். “தைலமரமாட்ட இருக்குது?”

“அதேதானுங்க.”

“இத்துனூண்டா? இதுக்கு என்னங்க பேரு?”

மாஸ்டர் போன்சாய் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அயர்ன் மேசையிலிருந்து காதர் பாய், மிகவும் நல்ல மனிதர், உதவி செய்வதாக நினைத்து, “மச்சானுங்க. மாஸ்டர் வெச்ச பேருங்க” என்றார். சொன்ன பிறகு தான் சொன்னது என்ன என்பது அவருக்கே உறைத்தது. அயர்ன் பெட்டி நின்ற இடத்தில் ஒரு பனியன் கருகத் தொடங்கியது.

மச்சான் பக்கத்திலிருந்த துணி ரோல் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“எம் பேரயா வெச்சிருக்கறீங்க?”

மாஸ்டர் வாயைத் திறந்தார். படித்தவன் யாராவது இருந்திருந்தால் விளக்கம் சொல்லிக் கெடுத்திருப்பான். நல்ல வேளை, நான் இருந்தேன்.

“ஆமாங்க. தெனமும் மச்சானுக்குத் தண்ணி குடுக்காம மாஸ்டர் வேலையத் தொட மாட்டாருங்க. ஒரு நாளும் வாங்க போங்கன்னு பேசாம இருந்ததில்லீங்க. மச்சானுக்கு மேலுக்குச் சொகமில்லீன்னு லீவு போட்டுப் பக்கத்துலயே உக்காந்திருந்தாருங்க. பம்பாய்க்காரரு கேட்டும் குடுக்கலீங்க.”

நான் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

மச்சான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அந்த உயரமான உடம்பு, செம்புக் கம்பி சுற்றிய கிளை மாதிரி வளைந்து போயிருந்தது. “நீங்க எம் பேருல மரத்த வளத்தறீங்க மாப்ள. நான் உங்க கெணத்தக் குடிச்ச மரத்த வளத்திட்டு இருக்கறன்” என்றார். பிறகு எழுந்து தட்டை நீட்டினார். “புள்ளைக்குத் தாய்மாமன் நீங்க வந்து நிக்கோணும்.”

மாஸ்டர் தட்டை வாங்கிக்கொண்டார்.

அவர் போன பிறகு மாஸ்டர் என்னிடம் வந்தார். “இப்படி மாட்டி உட்டுட்டீங்களே மொதலாளி.”

“பொய் சொன்னனுங்களா?”

“இல்லீங்க. அதானுங்க சங்கடம்.”

கல்யாணத்துக்கு நான் என் சொந்தக் காரில் போனேன். கார் பழையதுதான், ஆனால் சொந்தம். வரப்பு நெடுக வெறும் குழிகள். மச்சான் ஆள் விட்டுத் தைலமரங்களை வெட்டி, மறுபடி துளிர்க்காமல் வேரோடு தோண்டி எடுத்திருந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடியில் பாறைதான் தெரிந்தது. ஒரே வாரத்தில் ஊறுவதற்கு அது என்ன, என் கம்பெனியா?

மாஸ்டர் புது வேட்டியில் சீர்த் தட்டோடு வாசலில் நின்றார். அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சபதம் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

“கெணத்துத் தண்ணிங்களா அக்கா?” என்றார் மாஸ்டர் மெதுவாக.

“லாரித் தண்ணி சாமி. குடி.”

அண்ணாந்து குடித்தார். கீழே ஒரு சொட்டு விடவில்லை.

திரும்பி வந்து மறுநாளே டம்ளரோடு மரத்தின் முன்னால் நின்றார். கேஸ் என்ன ஆயிற்று என்று கேட்டேன். “நடந்துட்டு இருக்குதுங்க” என்றார். ஆனால் திட்டு குறைந்துவிட்டது. ஊர் நிலவரம், தென்னை விலை என்று மரத்திடம் பொதுவாகப் பேசத் தொடங்கிவிட்டார்.

பிறகு வந்த நல்ல மழைகளில் கிணறு ஊறியது. மாஸ்டர் கத்திரியை என்னிடம் ஒப்படைத்துவிட்டுத் தோப்புக்குத் திரும்பினார். மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை. “கெணத்துப் பக்கம் இவர நம்பிக் கூட்டிட்டுப் போக முடியாதுங்க மொதலாளி. நீங்களே வெச்சுக்குங்க. ஒரு டம்ளருக்கு மேல ஊத்திராதீங்க, தலைக்கேறிரும்.”

இப்போது அது என் ஏசி ரூம் ஜன்னலில் இருக்கிறது. வெளிநாட்டில் படித்து வந்த என் மகன், அதை எடுத்துவிட்டு வாடாத பிளாஸ்டிக் செடி வைக்கலாம் என்கிறான். படிப்பு அவனை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது.

நான் அதை மச்சான் என்று கூப்பிடுவதில்லை, எனக்கு அது என்ன முறை? “மாஸ்டர், தண்ணி குடிங்க” என்று சொல்லித்தான் தினமும் ஊற்றுகிறேன். ஒரு டம்ளர் என்பது உத்தரவு, நான் ஒன்றரை ஊற்றுகிறேன். ஏன் கூட ஊற்றினீர்கள் என்று சண்டை போடவாவது ஒரு நாள் அவர் இந்தக் கதவில் வந்து நிற்கட்டும்.