சிப்பிகளைச் சுரண்டிய பிறகு

சிட்னி குடா,
மார்ச் 1790

மதிப்பிற்குரிய ஒபதையா சித்தப்பா அவர்களுக்கு,

மகள் டாமரிஸ் பணிவுடன் எழுதுவது. நானும் கணவர் சைலஸும் நலம். கொஞ்சம் மெலிந்த நலம். சித்தியின் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நீங்கள் பழுதுபார்த்து அனுப்பிய ‘பிரிசில்லா’வைப் பற்றித்தான் எழுதுகிறேன். இந்தப் புதுக் குடியிருப்புக்கென்று இருப்பது அந்த ஒரே கடற்படைக் கப்பல், மாவு தீர்ந்துவருவதால் நாளை மறுநாள் அது நன்னம்பிக்கை முனைக்குப் போய் மாவு ஏற்றிவர வேண்டும், அதில் பாய் தைக்கிறவர் சைலஸ். போன வாரம் கவர்னர் பார்க்க வருகிறாரென்று புதுத் துணைக்கேப்டன் கப்பலைக் கரையில் சாய்த்து, அடியில் ஒட்டியிருந்த சிப்பிகளையெல்லாம் சுரண்ட வைத்தார். மிதக்கவிட்டதும் தண்ணீர் உள்ளே வந்தது. கப்பல் தச்சர் ஜேபஸிடம் ஓடினேன். என்னைத் தேற்றுவதாக நினைத்து, “பயப்படாதம்மா, பலகை எப்பவோ உளுத்துப்போச்சு, சிப்பிதான் இத்தனை நாளா தாங்குச்சு, மறுபடி வளந்துரும்” என்றார். எப்போது என்றேன். “ரெண்டு வருஷத்துல.” அப்புறம் கேப்டன் கப்பலிலேயே விருந்துக்குக் கூப்பிட்டார், இங்க விருந்துன்னா அவங்கவங்க ரொட்டிய அவங்கவங்களே கொண்டுபோகணும், கொண்டுபோய் மென்னுக்கிட்டிருந்தா கீழே தண்ணி இறைக்கிற சத்தம். “அது எலிம்மா”ங்கறார். எலி பம்பு அடிக்குமா சித்தப்பா? நீங்க போகாதீங்கன்னு சைலஸ்கிட்ட அழுதேன். “உங்க சித்தப்பா கைவேலைதானடி? கல்யாணத்துக்கு அவர் செஞ்ச நாற்காலில உக்காந்து விழுந்தவன் நான், எனக்குப் பழக்கம்தான்”ங்கறார். எவ்வளவோ கடற்பயணப் புத்தகம் படிச்சேன், எல்லாத்துலயும் ஆள் பிழைச்சு வந்துட்டான்; பிழைக்காதவன் புத்தகம் எழுதலைன்னு இங்க வந்துதான் உறைச்சுது.

எப்படியாவது மேலிடத்தில் சொல்லி வேறு கப்பல் அனுப்பச் செய்யுங்கள்.

சித்திக்கு என் வணக்கம், தம்பிகளுக்கு முத்தங்கள். கர்த்தர் உங்கள் அனைவரையும் தரையிலேயே வைத்துக் காப்பாராக.

அன்பு மகள்,
டாமரிஸ்

பின்குறிப்பு: ஜேபஸ் சொன்னதைக் கேட்டுக் கேப்டன் பயணத்தை நிறுத்திவிட்டார். எனக்கு உயிர் வந்தது. இன்று காலை ஆளுக்குத் தரும் மாவை மறுபடி பாதியாக்கினார்கள். பக்கத்துக் குடிசை மெர்சியின் குழந்தை இப்போதெல்லாம் அழுவதுகூட இல்லை. நானே கேப்டனிடம் போனேன். “எங்க சித்தப்பா பாத்து அனுப்புன கப்பலுங்க, ஒண்ணும் ஆகாது, கெளம்புங்க” என்றேன். சைலஸ் ஊசிகளை எடுத்துக் கட்டினார். விடிந்தால் புறப்படுகிறார்கள். இந்தக் கடிதம் நன்னம்பிக்கை முனை வரைக்கும் அவர் சட்டைக்குள்தான் வருகிறது. உங்கள் கைக்கு வந்து சேர்ந்தால், மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடுங்கள்.