என் வீட்டுக்காரரின் ஞாபகசக்தி

"சொல்லாமக் கொள்ளாம எடுத்துட்டான். காசு குடுத்து வாங்குன போனு. நான் பாட்டுக்கு வச்சுப் பொழங்கிக்கிட்டிருந்தத, எவன்கிட்டக் கேட்டு எடுத்தான்?"

தோசைக்கும் சட்னிக்கும் நடுவில் என் வீட்டுக்காரர் செபமாலை இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். முந்தின நாள் அவர் போன் அப்டேட் ஆகியிருந்தது. ரொம்ப நாளாக இருந்த ஏதோ ஒரு வசதி அதில் காணாமல் போயிருந்தது. அதுவரைக்கும் எனக்கும் அனுதாபம்தான்.

"என்னத்தங்க எடுத்தான்?" என்று கேட்டேன்.

"அதான், இருந்துச்சுல்ல, அது."

"எது?"

"அதெல்லாம் ஒனக்குப் புரியாது."

நான் திருச்சியில் இங்கிலீஷ் கான்வென்ட்டில் சிஸ்டர்களிடம் படித்தவள். புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கிற வழக்கமே அங்கே கிடையாது. ஒருவருக்கு ஒரு பொருள் தொலைந்துபோய், அது என்ன பொருள் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாவிட்டால், அது யோக்கியமான பொருளாக இருக்காது. இது எனக்கு உடனே புரிந்துவிட்டது.

இந்த இடத்தில் அவருடைய ஞாபகசக்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் கல்யாண நாள் அவருக்கு நினைவிருக்காது. கேஸ் அடுப்பை அணைக்கச் சொன்னது நினைவிருக்காது. ஆனால் போனில் நான் பேசியது மட்டும் ஒரு எழுத்து பிசகாமல் நினைவிருக்கும். பீர்க்கங்காய் வாங்கச் சொன்னேனே என்று நான் சண்டைக்குப் போனால், "இல்ல, நீ சொன்னது புடலங்காய். சொல்லிட்டு ஒரு தும்மல் போட்ட" என்பார். தும்மல் எனக்கே ஞாபகம் வரும். அதோடு என் கட்சி முடிந்துவிடும். இந்த மனுசனுக்கு ஈடுகொடுக்க வேண்டுமே என்று வாரம் இரண்டு நாள் வல்லாரைத் துவையல் அரைத்துத் தின்றுகொண்டிருந்தேன்.

காய்கறியோடு போயிருந்தால் பரவாயில்லை. விசயம் ஹால்.

எதிர்வீட்டு சொர்ணவல்லிக்கு மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். பேத்தி வீடியோ காலில் இங்கிலீஷில் பொரிந்து தள்ளும். இவள் சிரித்துச் சிரித்துத் தலையாட்டுவாள். ஒருநாள் மகன்தான் சொல்லியிருக்கிறான், பாப்பா திட்டிக்கிட்டிருக்கும்மா, நீ ஆமா போட்டுக்கிட்டிருக்கே என்று. அன்று சாயங்காலமே என்னிடம் வந்து நின்றாள். இதே நிலைமையில் எங்கள் தெருவில் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். தினமும் ஒரு மணி நேரம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுங்க அக்கா என்றார்கள். இத்தனை வருடம் படிப்பைப் பரணில் போட்டு வைத்திருந்த எனக்கு, சும்மா சொல்லக்கூடாது, கால் தரையில் நிற்கவில்லை.

ஆனால் புதுக்கோட்டையில் எங்களுக்கு இருப்பது சின்ன வீடு. நாலைந்து பேர் உட்காருகிற இடம் ஹால் ஒன்றுதான். அதில் செபமாலை இருந்தார். அவர் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் ஆபீஸ் சூப்பிரண்டு. நாலரைக்கு வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்றிவிட்டு சோபாவில் படுத்து, டிவியில் அடுத்தவர் போடும் சண்டையை ராத்திரிச் சாப்பாடு வரை பார்ப்பார்.

ஒருநாள் போனில் ஆத்திரப்பட்டு, "ஹால நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க, நான் ஒண்ணும் கிளாஸ் எடுக்கல" என்று சொல்லித் தொலைத்தேன். அதிலிருந்து நான் எப்போது ஹால் பேச்சை எடுத்தாலும் என் குரலிலேயே அதை ஒப்பிப்பார். அவர் சரி சரி என்று சொன்னது மட்டும் எதுவும் அவருக்கு ஞாபகம் இருக்காது. "நான் எப்பச் சொன்னேன்? சொல்லியிருந்தா எனக்கு ஞாபகம் இருக்குமே" என்பார். இருக்குமே என்று நானும் நம்பினேன்.

இப்போது அப்டேட்டுக்கு வருவோம். அவர் போன் அப்டேட் ஆன அன்றைக்கு மார்க்கெட்டில் இருந்து கூப்பிட்டார். ஹலோ என்றதும் நடுவில் ஒரு பெண் குரல், கஞ்சி போட்ட இங்கிலீஷில், இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்றது. டக்கென்று கட் பண்ணிவிட்டார். வீட்டுக்கு வந்ததும், நான் கேட்பதற்கு முன்னாலேயே, கிராஸ் டாக் என்றார்.

மறுநாள் தோசையை முடித்துப் புலம்பிக்கொண்டே ஆபீஸ் கிளம்பினார். நான் என் போனை எடுத்தேன். தீபாவளி ஆபரில் ஜோடியாக வாங்கிய போன்கள். எனக்கும் அதே அப்டேட் வந்து காத்திருந்தது. அவர் எதையும் படிக்காமல் ஓகே அமுக்குகிறவர். நான் மருந்துச் சீட்டைக்கூடக் கடைசி வரி வரைக்கும் படிக்கிறவள். படித்தேன். இதுவரை சத்தமில்லாமல் அழைப்பைப் பதிவு செய்த வசதி நீக்கப்படுகிறதாம். இனிமேல் யார் பதிவு செய்தாலும் இரண்டு பக்கமும் அறிவிப்பு கேட்குமாம்.

எழுந்துபோய் வல்லாரைக் கட்டைக் குப்பையில் போட்டேன். பிறகு ஓகே அமுக்கினேன்.

சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அன்றைக்கு ஒருநாள் ஜெயித்திருப்பேன். ஹால் கிடைத்திருக்காது.

இதற்கிடையில் அவர் கீழ ராஜ வீதியில் எழிலரசனின் செல்போன் கடைக்குப் போனார். போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, வேண்டுமானால் அந்தம்மா பேசாதபடி ரெக்கார்டிங்கையே அணைத்துத் தருகிறேன் என்று எழிலரசன் அணைத்துக் கொடுத்திருக்கிறான். வீட்டுக்கு வந்தவர், கம்பெனிக்கு இங்கிலீஷில் ஒரு புகார் எழுத வேண்டும், நீ எழுது என்றார். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"பல காலமாக நான் பயன்படுத்தி வந்த ஒரு வசதியை நீக்கிவிட்டீர்கள்னு போடு."

"எந்த வசதின்னு கேப்பானே."

"எடுத்தவனுக்குத் தெரியும்."

"எடுத்தவன் ஒண்ணா ரெண்டா எடுத்திருப்பான்? பேரச் சொன்னாத்தான தேடுவான்."

நெடுநேரம் யோசித்தார். "குடும்ப அமைதிக்குப் பெரிதும் உதவிய வசதின்னு போடு."

போட்டேன். உடனே பதில் வந்தது. தங்கள் கருத்துக்கு நன்றி, புதிய பதிப்பை மகிழ்ச்சியோடு அனுபவியுங்கள் என்று. வாசித்துக் காட்டினேன். அவர் அனுபவிக்கவில்லை.

புதன்கிழமை நண்பகலில் பிரின்சிபால் என் வீட்டுக்காரர் அறைக்கு வந்து உட்காருவார் என்று எனக்குத் தெரியும். அந்த நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டேன். "ம், சொல்லு" என்றார். நான் என் போனில் ரெக்கார்டு பட்டனை அமுக்கினேன். அந்தம்மா கணீரென்று அறிவித்தார்.

எழிலரசன் சரியாக அணைக்கவில்லை, தன் போன்தான் மறுபடி பேசிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"யாருங்க அது? என்னமோ ரெக்கார்டுன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ எதுக்குக் கூப்பிட்ட, அதச் சொல்லு."

"ஹால் விசயமாத்தான். தெனமும் அஞ்சுலேருந்து ஆறு வரைக்கும் கிளாஸ்."

"சரி."

"அந்தம்மா யாருன்னு..."

"சரிங்கிறேன்ல. எடுத்துக்க."

"டிவி?"

"அது கெடக்குது."

"மனசாரத்தான சொல்றீங்க?"

"மனசாரச் சொல்றேன் தாயே. ஹால நீயே வச்சுக்க. போன வை."

சாயங்காலம் வந்தவர், சோபா சுவரோரம் ஒதுங்கி நிற்பதையும் தரையில் ஜமுக்காளம் விரித்திருப்பதையும் பார்த்தார். இது யார் செய்த வேலை என்றார். நீங்கள்தான் சரி சொன்னீர்கள் என்றேன்.

"நான் எப்பச் சொன்னேன்? சொல்லியிருந்தா..."

போனை டீப்பாயில் வைத்து ஓட விட்டேன். முதலில் அந்தம்மா. பிறகு அவர். ஒலி துல்லியமாக இருந்தது. தாயே என்கிற இடத்தில் தொண்டை கம்மியதுகூடக் கேட்டது.

அவர் குனிந்து டீப்பாயில் இருந்த போனைப் பார்த்தார். பிறகு, "அப்ப, அது ஒன் போனா?" என்றார்.

"எனக்கும் அப்டேட் வந்துச்சுங்க." அதற்குமேல் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "எத்தன வருசமா?" அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை கிளாஸ் தொடங்கியது. ஐந்து முதல் ஆறு வரை தமிழில் பேசக்கூடாது, யாராவது தமிழில் கேட்டால் திரும்பியும் பார்க்கக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டோம். சட்டத்தைக் கொண்டுவந்தவள் சொர்ணவல்லி. முதல் பாடம், ஒருவரிடம் ஒரு பொருளை மரியாதையாகக் கேட்பது எப்படி என்பது. ஐந்து பெண்களும் ஒருவரிடம் ஒருவர் தண்ணீர், குடை, சர்க்கரை எல்லாம் மரியாதையாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

செபமாலை கொல்லைப்பக்கம் குளித்துவிட்டு, துண்டோடு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் சட்டை ஹாலைத் தாண்டி உள்ளறைக் கொடியில் தொங்கியது. முதலில் இருமினார். பிறகு, இந்தா என்றார். ஏம்மா என்றார். சொர்ணவல்லி குடை கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத ஒரு குரல் கதவிடுக்கு வழியாக வந்தது.

"என் சட்டைய யாராச்சும் எடுத்துக் குடுங்களேன்."