புடலங்காய் நைனா போட்ட தடை

காசை வாங்கிக்கொண்டு காயைக் கொடுக்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காசைக் கையில் வாங்கிய பிறகு, "இத்த இன்னா பண்ணப் போற?" என்று கேட்டு, பதில் பிடிக்காவிட்டால் காசைத் திருப்பிக் கொடுத்து, கூடவே நாலு திட்டையும் இலவசமாகக் கொடுத்து அனுப்புகிற மனிதரை இந்தப் பூலோகத்தில் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். அப்படி ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் என் தலையெழுத்துக்கு, அம்பத்தூரில் எங்கள் வாடகை வீட்டுக் கொல்லைக்குப் பின்னாலேயே இருந்தார்.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் என்னவோ, தெருவில் ஒருவருக்கும் தெரியாது. புடலங்காய் நைனா என்றால்தான் தெரியும். ஏரிக்குக் கிழக்கே ஒரு கிணறு, ஒரு ஜோடி மாடு, ஒரு பெரிய பந்தல், அவ்வளவுதான் அவர் ராஜ்ஜியம். பிஞ்சின் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் காய் சுருளாமல் நேராக இறங்கும் என்பது எல்லாத் தோட்டக்காரர்களுக்கும் தெரிந்த வேலை. நைனாவோ ஒவ்வொரு கல்லையும் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்து, இந்தக் கல் இந்தப் பிஞ்சுக்கு என்று பொருத்தம் பார்த்துத்தான் கட்டுவார். சொந்த மகளுக்குக்கூட இத்தனை பொருத்தம் பார்க்கவில்லை என்று பக்கத்து வீட்டு ரோசம்மா சொல்வாள்.

நாங்கள் ராயபுரத்துக்காரர்கள். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியபோது நாங்களும் கட்டினோம். என் வீட்டுக்காரர் காலையில் ரயிலேறி ஆபீசுக்குப் போய்விடுவார். குண்டு விழுந்தால் அவர் தலையில் விழட்டும், நாம் பத்திரமாக இருப்போம் என்று ஏற்பாடு. வீட்டில் நானும் ஒன்றரை வயது தங்கமும்.

தங்கம் சாப்பிடமாட்டாள். சாப்பிடமாட்டாள் என்றால் கொஞ்சமாகச் சாப்பிடுவாள் என்று அர்த்தமில்லை. கிண்ணத்தைப் பார்த்தாலே உதட்டை உள்ளுக்கு மடித்துக்கொள்வாள். பட்டணத்தில் சீமை டப்பா மாவைக் கரைத்துப் புகட்டி ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். சண்டையில் கப்பல் நின்றது, டப்பாவும் நின்றது. காக்காய் காட்டினேன், ரயில் காட்டினேன், மாட்டைக் காட்டினேன். எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வாள். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம், "அம்மாக்காரி சரியா ஊட்டறதில்லை போல" என்று என் காது கேட்கவே சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் வாயில் கொள்ளிக்கட்டையை வைக்க!

இந்தக் கோபத்தோடுதான் முதல்முறை நைனாவின் தோட்டத்துக்குப் போனேன்.

"இன்னா பண்ணப் போற?"

"என்ன பண்ணுவாங்க? சமைக்கத்தான்."

"அது தெரிது. கூட்டா, பொரியலா?"

"ஏன், அதைப் பொறுத்து விலை மாறுமா?"

"காய் மாறும்" என்றார். "கூட்டுக்கு அந்தாண்ட கீற காயி. பொரியலுக்கு இந்தாண்ட. சாம்பார்ல போடறவளுக்கு என் தோட்டத்துல காயே கெடையாது."

என்ன திமிர் பாருங்கள்! கூட்டு என்று சொல்லித் தொலைத்தேன். பாசிப்பருப்பு போட்டு, மிளகாய் குறைத்துக் கூட்டு வைத்தேன். சாதத்தோடு பிசைந்து, வழக்கம்போல உதறி எறியப் போகிறாள் என்று எதிர்பார்த்து ஒரு வாய் நீட்டினேன். தங்கம் வாயைத் திறந்தாள். மறுபடியும் திறந்தாள். கிண்ணம் காலியானது. நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், ரோசம்மாவைக் கூப்பிட்டுக் காலிக் கிண்ணத்தைக் காட்டினேன்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு ஒரு வாரம்கூட இல்லை. ஒருநாள் காலையில் காசோடு போனால் நைனா பந்தல் வாசலில் கையை விரித்து நிற்கிறார்.

"உனக்குக் காய் கெடையாது, பட்டணம்."

என் பெயர் பட்டணம் இல்லை. அதைப் பல தடவை சொல்லியும் பார்த்தேன்.

"ஏன் கிடையாது?"

"உன் ஊட்டுக் குப்பைல பாத்தேன். உள்ளார கீற சதை, வெதை எல்லாத்தையும் வழிச்சுக் கொட்டிக்கீற. பிஞ்சுக் காய் அது! அத்த வதக்கித் தொவையல் அரைச்சா நாக்கு இஸ்துகினு போவும். நீ கொட்டுவ, நான் பாத்துகினு இருக்கணுமா?"

கேட்டீர்களா? நான் காசு கொடுத்து வாங்கிய காய், என் வீட்டில் அரிந்த காய், என் வீட்டுக் குப்பை. அதைக் கிளறிப் பார்த்து இவர் தீர்ப்புச் சொல்வாராம்! வெள்ளைக்காரன் ராஜ்ஜியத்தில்கூட இப்படி ஒரு சட்டம் கிடையாது. "உங்க காய் யாருக்கு வேணும்!" என்று வீராப்பாகத் திரும்பிவிட்டேன்.

யாருக்கு வேணும் என்று மத்தியானமே தெரிந்துவிட்டது. தங்கம் கத்தரிக்காயைத் துப்பினாள். பூசணியைத் துப்பினாள். சந்தையில் வாங்கிய வேறு புடலங்காயைக் கூட்டு வைத்துக் கொடுத்தேன், அதைக் கிண்ணத்தோடு கவிழ்த்தாள். வேறு வழியில்லாமல் ரோசம்மா பெயரில் கடத்தல் வியாபாரம் ஆரம்பித்தேன். அவள் வாங்குவாள், முந்தானையில் சுற்றி வேலிவழியாக என்னிடம் கொடுப்பாள். நாலைந்து நாள் நடந்தது. அப்புறம் அவளும் வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"யக்கா, நான் செத்தேன். 'உங்க ஊட்ல மொத்தம் ரெண்டே பேரு, உன் புருஷனுக்குப் புடலங்கான்னா ஆவாது, தெனம் யாருக்கு வாங்கினு போற'ன்னு கேட்டாரு. எனக்குப் பொய்யி வருமாக்கா? இப்ப எனக்கும் தடை."

அவள் வீட்டுக்காரருக்கு என்ன ஆகாது என்பதெல்லாம் இந்த மனிதருக்கு எப்படித் தெரிகிறது! எனக்கு வந்த கோபத்தில் அவிழ்ந்த கூந்தலைக்கூட முடிந்துகொள்ளவில்லை. தங்கத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராகப் பந்தலுக்குள்ளேயே நுழைந்துவிட்டேன்.

"யோவ் நைனா! காயைக் கட்டிக்கிட்டு நீரே அழும்! என் பிள்ளை பட்டினி கிடக்குது. அதுக்கு இந்தக் காயை விட்டா வேற இறங்க மாட்டேங்குது. பச்சைக் குழந்தை வயித்துல அடிச்சுட்டு நீர் நல்லா இருப்பீரா?"

நைனா என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தேன். தங்கம் என் இடுப்பிலிருந்தபடியே தொங்கிக்கொண்டிருந்த ஒரு காயை இரண்டு கையாலும் பிடித்து, இருக்கிற நாலு பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பந்தலில் காயைத் தொட்ட ஒருவரும் திட்டு வாங்காமல் வெளியே வந்ததில்லை.

"கய்தே" என்றார் நைனா. குரல் குழைந்து போயிருந்தது. "கய்தே, அதுக்குள்ள ருசி கண்டுகினியா நீ?"

மறுநாளிலிருந்து காலையில் கொல்லைப் படலுக்கு மேலாக ஒரு துண்டுக் காய் வந்தது. முழுக்காய் இல்லை, குழந்தைக்குப் போதுமான ஒரு சாண் துண்டு. "இது கொயந்தைக்கு. உனக்குத் தடை அப்படியே கீது. நீ ஒரு வாய் தொட்டேன்னு தெரிஞ்சிது..." என்று ஒரு மிரட்டல் வேறு. என் வீட்டு அடுப்பில் நான் வைத்த கூட்டை நான் ருசி பார்க்கக்கூடாதாம். உப்பு சரியா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கொயந்த சொல்லும்" என்றார். என் வீட்டுக்காரரிடம் முறையிட்டால், அவர் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பைத் தேடினார்.

ஐப்பசி மழை அந்த வருஷம் பேய் மழை. பந்தல் சரிந்து கொடியெல்லாம் சேற்றில் கிடந்தது. அதே வாரம் தங்கத்துக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் இறங்கிய பிறகும் குழந்தை வாய் திறக்கவில்லை. நடக்கிற பிள்ளை, நிற்கவும் முடியாமல் மடியிலேயே துவண்டு கிடந்தாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இனி மருந்து இல்லம்மா. உள்ளே ஆகாரம் போகணும். போகாவிட்டால் கஷ்டம்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டுக் குழந்தையை மார்போடு அள்ளிக்கொண்டேன். ரோசம்மா கொல்லைப் பக்கம் ஓடியதை நான் கவனிக்கவில்லை.

சற்றுநேரத்தில் நைனா சேற்றுக் காலோடு வாசலில் நின்றார். ஒரு கையில் தூக்குச் சட்டி, இன்னொரு கையில் ஒரு முழுக்காய். அதன் காம்பில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. பின்னால் வந்த ரோசம்மா, "ஐயோ, வெதைக்காய்!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். வருஷத்துக்கு ஒரே ஒரு காயைத்தான் நைனா விதைக்கு விடுவாராம். அவர் அப்பன் காலத்து விதை அது. பிழைத்துக் கிடந்த கொடியில் மிஞ்சியிருந்ததும் அது ஒன்றுதான். இன்னும் முற்றாத பச்சைக்காய். பறித்துவிட்டால் அடுத்த வருஷத்துக்கு விதையே கிடையாது.

"நைனா, இதையா அறுத்தீங்க?"

"வாய மூடிகினு அடுப்பப் பத்த வையி."

கூட்டு வைத்தேன். அவரே வாசற்படியில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு வாய் ஊட்டினார். தங்கம் அதை நாக்கால் வெளியே தள்ளினாள். இன்னொரு வாய். அதையும் துப்பினாள். அவர் வேட்டியெல்லாம் கூட்டு.

ஊரையே நடுங்கவைத்த மனுஷர். பரம்பரை விதையை அறுத்துக் கொண்டுவந்து கொடுத்தால், ஒன்றரை வயசு அதைத் துப்புகிறது.

"வேணாவா ராசாத்தி? சரி, வேணா உடு" என்றார். "வேற இன்னா வேணும் சொல்லு. இந்த நைனா கொண்டாறேன்."

அவர் பக்கத்தில் வைத்திருந்த தூக்குச் சட்டியைத் தங்கம் தொட்டாள். அதில் இருந்தது அவருடைய கேழ்வரகுக் கூழ். காலையில் குடித்து மிச்சம் வைத்தது. அவர் மோர் விட்டுக் கரைத்து, ஒரு விரலால் தொட்டு அவள் நாக்கில் வைத்தார். சப்பினாள். வாயைத் திறந்து இன்னும் கேட்டாள். பாசிப்பருப்பு, நெய், சீரகத் தாளிப்பு எல்லாம் போட்டு நான் வைத்த கூட்டு சட்டியில் ஆறிக்கொண்டிருக்க, அந்தப் புளித்த கூழை என் மகள் குடித்தாள். குடித்துவிட்டு அவர் மடியிலேயே தூங்கியும் போனாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அடுத்த வருஷம் நைனா குத்தம்பாக்கத்துக்கு நடந்துபோய், "அது காயா, கவுறு" என்று இவருடைய நீளக்காயை ஊரெல்லாம் ஏளனம் செய்த தன் சம்பந்தியிடமே கையேந்தி விதை வாங்கிவந்தார். பந்தல் போட்டார். காய்த்தது. குட்டையாக, வரிவரியாகக் காய்த்தது. கல்லும் கட்டினார். ஆனால் பொருத்தம் பார்க்கவில்லை. கூடையில் போட்டு வாசலில் வைத்துவிட்டு, யார் வந்தாலும் காசை வாங்கிக்கொண்டு கொடுத்தார். கூட்டா, பொரியலா, ஒரு கேள்வி கிடையாது. தெருவே திகைத்துப் போயிற்று. என் தடையும் நீங்கிவிட்டது. யார் நீக்கச் சொன்னார்கள்?

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் தங்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போய் அவர் எதிரே நின்றேன்.

"நைனா, உங்க காயை நேத்துப் புளிக்குழம்புல போட்டேன்."

"சரிம்மா."

"கருவாடும் போட்டேன்."

"உன் இஷ்டம். அது என் வெதை இல்லியே."

"யார் வெதையா இருந்தா என்ன? உங்க கிணத்துத் தண்ணியிலதானே வளர்ந்துது? உங்க கைதானே கல்லு கட்டிச்சு? கருவாடு போட்டேங்கறேன், கேட்டுக்கிட்டு சும்மா நிக்கறீங்களே, நீங்கல்லாம் ஒரு தோட்டக்காரரா?"

நைனா என்னைப் பார்த்தார். தங்கத்தைப் பார்த்தார். மெதுவாக முகம் சிவந்தது.

"ஏன்டி பட்டணம்," என்று ஆரம்பித்தார், "புடலங்கால கருவாடு போட்டியா? உனக்குக் கையி கீதா, இல்ல மம்மட்டி கீதா?"

என் சமையலில் தொடங்கி என் வீட்டுக்காரர், நான் பிறந்த ராயபுரம் வரைக்கும் ஒன்று விடாமல் திட்டித் தீர்த்தார். தங்கம் கைகொட்டிச் சிரித்தாள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் முடிக்கும்வரை நின்று கேட்டேன்.