கமர்கட்டு அக்காவின் வாய்ப்பூட்டு

கூட வந்தவர் வாயை அடைத்தே பிள்ளைகளைக் குணப்படுத்திய ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கமர்கட்டு அக்கா. வேறு யாராவது இருந்தால் எழுதுங்கள், மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

2007. என் மகள் ஸ்டெல்லாவுக்கு ஆறு வயது. வீட்டில் காது வலிக்கப் பேசுவாள். வாசற்படியைத் தாண்டினால் ஒரு சொல் வராது. பள்ளியில் சேர்ந்து எட்டு மாதமாகியும் டீச்சர் அவள் குரலைக் கேட்டதில்லை. “இப்படியே இருந்தா ரெண்டாவதுக்கு அனுப்புறது கஷ்டம் சார்” என்றார். சிதம்பரத்தில் பிள்ளைகளுக்கான மனநல டாக்டர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, மனைவியும் நானும் அவளோடு கடலூரிலிருந்து பஸ் ஏறினோம். தெருவில் கேட்டவர்களிடம் பல் டாக்டர் என்று புளுகிவிட்டேன்.

கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவர்தான் அக்கா. கொண்டையில் பேனா, மடியில் கமர்கட்டு டப்பா. என் முகத்தைப் பார்த்ததுமே ஆரம்பித்தார்.

“பயப்படாதீங்க சார், ஊசியெல்லாம் கெடயாது. மொத நாளு பொறந்ததுலேர்ந்து எல்லாத்தையும் கேப்பாரு. பாப்பாவ வெளயாட உட்டுப் பாப்பாரு. அவ்ளோதான். பாப்பா, உன் பேரு இன்னா?”

“ஸ்டெல்லா” என்றேன் நான்.

“எந்த வகுப்பு?”

“ஒண்ணாவது” என்றதும் நானே.

அக்கா டப்பாவைத் திறந்தார். ஸ்டெல்லா கை நீட்டினாள். “உனக்கில்ல கண்ணு, ஒங்கப்பாவுக்கு” என்று என் வாயில் ஒன்றைத் திணித்தார். “கடிக்கக் கூடாது சார். கரையிற வரைக்கும் பேசக் கூடாது.”

சுற்றிப் பார்த்தேன். ஏழெட்டு அப்பா அம்மாக்கள் கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தார்கள். மங்கலம்பேட்டை அம்மா ஒருவருக்கு மட்டும் இரண்டு. “அவுங்களுக்குப் பேச்சு ஜாஸ்தி” என்று விளக்கம் வேறு.

உள்ளே டாக்டர் கேட்டதற்கெல்லாம் என் மனைவி பதில் சொன்னாள். ஸ்டெல்லா தரையில் படம் வரைந்தாள். கடைசியில் டாக்டர், “பேசு பேசுன்னு அவள வற்புறுத்தாதீங்க. அவளுக்குப் பதிலா நீங்களும் பேசாதீங்க” என்றார். மருந்து எதுவும் எழுதவில்லை.

“இவ்ளோ தூரம் வந்தும் ஒரு சீட்டுகூட எழுதலியே?” என்று மனைவி வெளியே வந்து அலுத்துக்கொண்டாள்.

“அந்தச் சீட்டு ஒங்க வீட்டுக்காரர் வாயில இருக்குதும்மா” என்றார் அக்கா.

திரும்பும் பஸ்ஸில் எதிர்வீட்டுக்காரர் மாட்டினார். “பல்லு டாக்டர்கிட்டப் போய்ட்டு கமர்கட்டா மச்சான்?” நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஒவ்வொரு முறையும் அக்கா அதே கேள்வியைத்தான் கேட்டார். ஸ்டெல்லா தரையைப் பார்ப்பாள், என் நாக்கு துடிக்கும். அக்கா திருப்பிக் கேட்கவே மாட்டார். டோக்கனில் நம்பர் போட்டுக்கொண்டிருப்பார்.

ஆறாவது முறை. “பாப்பா பேரு இன்னா?”

நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன். பிறகு நூல் போல ஒரு குரல் கேட்டது.

“ஸ்டெல்லா. எங்கப்பாவுக்கு இன்னொண்ணு குடுங்க. கரைஞ்சிடுச்சி.”

அக்கா கைதட்டவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. “சரிங்க மேடம்” என்று ஒன்றை எடுத்து என் வாயில் போட்டுவிட்டு, டோக்கன் எழுதக் குனிந்தார். பேனா நகரவில்லை. நான் அழுதேன், சத்தம் மட்டும் வரவில்லை.

அதற்குப் பிறகும் பல மாதங்கள் போனோம். ஸ்டெல்லா வகுப்பில் ‘பிரசென்ட் மிஸ்’ சொன்னாள், இரண்டாம் வகுப்புக்கும் போனாள். இனி வர வேண்டாம் என்று டாக்டர் சொன்ன அன்று அக்காவின் முன்னால் போய் நின்றேன். வாயில் கமர்கட்டு, கைகளை மட்டும் கூப்பினேன்.

“ரொம்பத் தேங்க்ஸ் அக்கா” என்றாள் ஸ்டெல்லா, எனக்குப் பதிலாக.